சுவரை ஊடுருவும் பெண்ணுக்குக் கல்முனையில் ஒரு குரல்

உலகத்தைக் காப்பாற்ற இந்த முறை ஏழு பேர். படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன் என்று பதினொரு பக்கத் தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆகவே ஏழு பேர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒருவர் கறுப்பினத்தவர், ஒருவர் கொரியாக்காரர், ஒருவர் சக்கர நாற்காலியிலேயே பறப்பவர். ஆறாவதாக வருகிறவள் நூரா. தலையில் முக்காடு, ஊர் 'இலங்கையின் கிழக்குக் கரை'. அவளுடைய சக்தி, எந்தச் சுவரையும் ஊடுருவி அந்தப் பக்கம் போய்விடுவது. வில்லன் உலகம் முழுக்க எல்லைச் சுவர் கட்டும் கோடீஸ்வரன். அரசியல் புரியாமல் யாரும் தப்பித்துவிடக் கூடாது என்று அவனுடைய கோட்டுக்குக்கூட சிமெண்ட் நிறம் கொடுத்திருந்தார்கள்.

நான் சென்னையில் வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவள். வெள்ளைக்காரன் உதட்டை மூடும் இடத்தில் எனக்கு ஒரு 'ப'வோ 'ம'வோ வந்து விழ வேண்டும். அர்த்தமெல்லாம் அதற்கப்புறம்தான். இந்த வேலையை இவ்வளவு காலமாகச் செய்தும் யாரும் என்னை எங்கேயும் அனுப்பியதில்லை. இந்த முறை மும்பையிலிருந்து ஒரு மேடம் பேசினார். அவருடைய பதவி 'பிரதிநிதித்துவ ஆலோசகர்'. நூராவுக்குச் சென்னைக் குரல் கூடாது, அந்தக் கரையில் பிறந்த ஒரு முஸ்லிம் பெண்தான் பேச வேண்டும், அதுதான் நேர்மை என்றார். வந்து சேர்ந்த குரல்களில் சாய்ந்தமருதைச் சேர்ந்த சஹ்லாவின் குரலை நாங்கள் இருவருமே தேர்ந்தெடுத்தோம். "நீங்களே நேரில் போய்ப் பதிவுசெய்யுங்கள். அந்த மண்ணையும் உள்வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார் மேடம். மண்ணை உள்வாங்க நாலு நாள் கொடுத்திருந்தார்கள்.

கொழும்பிலிருந்து பஸ். எனக்கு முன்னால் கண்டக்டரும் டிரைவரும் சிங்களத்தில் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது, அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் மொழிபெயர்த்தார். "இந்தியக்கார அம்மாவுக்குக் குளிரும், ஏசியைக் குறை என்கிறார் ஒருவர். காசு கொடுத்து வந்திருக்கிறா, குறைத்தால் சண்டைக்கு வருவா என்கிறார் மற்றவர்." கல்முனை வரும்வரை அவர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. நான் சேலைத் தலைப்பைத் தலையில் சுற்றிக்கொண்டு விறைத்துப்போய் இறங்கினேன். அதைப் பார்த்து ஒரு கடைக்காரர் எனக்கு ஸலாம் சொன்னார்.

கல்முனைக் கடைத்தெருவில் தமிழர் கடை எங்கே முடிகிறது, முஸ்லிம் கடை எங்கே தொடங்குகிறது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஊர்க்காரர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிகிறது. எங்கள் படத்து வில்லன் சுவருக்காக எவ்வளவு சிமெண்டை வீணாக்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன். காலைச் சாப்பாடு இடியப்பம், சொதி, மொறுமொறுவென்று பொரித்த கீரி மீன். சென்னையில் இடியப்பத்துக்குச் சர்க்கரை போட்டுத் தின்கிற என் குடும்பத்தை நினைத்து வெட்கப்பட்டேன்.

சஹ்லா வீடு கடலுக்குப் போகும் குறுக்குத் தெரு ஒன்றில் இருந்தது. இருபத்தாறு வயது. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். குரல் கனமானது, உடம்புதான் சின்னது. கண்ணாடியும் குறிப்பேடுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்து முதல் வார்த்தையிலேயே "வாங்க டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு அந்தத் தெரு முழுக்க நான் டீச்சர்தான்.

நூரா வரும் காட்சிகளை மடிக்கணினியில் போட்டேன். சஹ்லாவின் உம்மா, அக்காவின் கணவர் றிஸ்வி மச்சான், எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். இருட்டு வீடு. நூராவின் தகப்பன் கதவைத் தாழிடுகிறான். "இது என் வீடு. என் கூரையின் கீழ் என் சட்டம்" என்று கத்துகிறான். நூரா சுவரில் கை வைக்கிறாள், சுவர் தண்ணீராக விலகுகிறது. படத்திலேயே பெரிய கட்டம் அது. புண்பட்டுவிட்டார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

றிஸ்வி மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தார். "டீச்சர், அந்த மனிசன் யார்ர வீட்டில நிண்டு சத்தம் போடுறான்?"

"அவனுடைய வீட்டில்தான்."

"அதெப்படி? அது அவன்ட பொண்டாட்டிட வீடு. நாளைக்கு மகள்ர வீடு. இவன் இடையில வந்த ஆள். நான் இஞ்ச வரக்குள்ள ஒரு பேக்கோட வந்த. இண்டைக்கும் அந்தப் பேக் கட்டிலுக்குக் கீழதான் இரிக்கி."

கூடமே சிரித்தது. உம்மா மட்டும் சிரிக்காமல் யோசித்துவிட்டுக் கேட்டார். "செவருக்குள்ளால போற என்னத்துக்கு டீச்சர்? திறப்பு அவட கையிலதானே இரிக்கும்?"

விளங்கியது. இந்தக் கரை முஸ்லிம் குடும்பங்களில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டி, அவள் பேரில் எழுதி, திறப்பை, அதாவது சாவியை, அவள் கையில் கொடுத்த பிறகுதான் நிக்காஹ் பேச்சே. ஹாலிவுட்டில் எத்தனையோ ஆலோசகர்களை வைத்து எழுதியிருக்கிறார்கள். ஒருவரும் வீடு யார் பேரில் என்று கேட்கவில்லை.

உம்மா கேட்டார். என்னிடம். "ஒங்கட வீடு யார்ர பேர்ல டீச்சர்?"

அடுக்குமாடி வீடு என் கணவர் பேரில். அதற்கு முன் இருந்தது மாமனார் பேரில். சொன்னேன்.

"அப்ப மாப்பிள்ளையோட சண்டை வந்தா நீங்களா வெளிய போற?"

"ஆமாம்."

"பாவம்" என்றார் உம்மா. உள்ளே போய் எனக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்ட பெண்ணைத் தேடி நாடு விட்டு நாடு வந்து, கடைசியில் அந்த வீட்டில் அப்படிப்பட்டவள் நான் ஒருத்திதான் என்று ஆகிப்போனது. வட்டிலப்பம் நன்றாக இருந்தது, மிச்சம் வைக்கவில்லை.

அப்போதுதான் சஹ்லாவின் வாப்பா, இப்றாலெவ்வை, வந்தார். முழங்கை வரை சிமெண்ட். கத்தாரில் பத்தொன்பது வருஷம் மேசனாக வேலைபார்த்துத் திரும்பியவர். பக்கத்து வளவு என்று அவர்கள் சொல்லும் மனையில் சஹ்லாவுக்கான வீட்டைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். பின்னறை மட்டும் பாக்கி. அவருக்காக மறுபடி அந்தக் காட்சியைப் போட்டேன். கூர்ந்து பார்த்தார். "அந்தச் செவருக்குப் பூச்சு காணாது டீச்சர்" என்றார்.

அன்று மாலைவரை சஹ்லா வசனங்களைப் படித்துப் பார்த்தாள். 'விலகு, இல்லையேல் அழிவாய்' என்று நான் எழுதியிருந்ததை "தள்ளி நில்லு, உசிரோட போகலாம்" என்றாள். உதட்டுக்கு அச்சாகப் பொருந்தியது. இத்தனை காலம் நான் எழுதியதெல்லாம் எந்தத் தமிழ் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே படித்தவள் ஒரு வசனத்தில் நின்றாள். நூரா வில்லனின் சுவர் முன் நின்று மற்ற ஆறு பேரிடம் சொல்வது. "என் வாப்பா என்னை அடைத்து வைக்கச் சுவர் கட்டினார். நான் சுவரைக் கடக்கக் கற்றேன்." 'அப்பா'வை வெட்டி 'வாப்பா' என்று போட்டதற்காகச் சென்னையில் எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்ட வசனம் அது.

பக்கத்து வளவிலிருந்து கரண்டியால் சாந்து வழிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "இத நாளைக்குப் பாப்பம் டீச்சர்" என்று தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டாம் நாள் தன் பழைய பல்கலைக்கழகத்தையும் துறைமுகத்தையும் காட்டுகிறேன் என்று ஒலுவிலுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனாள். கடற்கரையை ஒட்டியே போகலாம், காற்று நல்லது என்று டிரைவர் சொன்னார். காற்று நல்லதாகத்தான் இருந்தது. மணலில் சக்கரம் அச்சுவரை இறங்கியது. டிரைவர் இறங்கிப் பார்த்து, "போன மாசம் இந்த இடத்தில பாதை இரிந்த" என்றார். பொய்யில்லை. கடல் கரையைக் கடித்துக்கொண்டே வந்திருந்தது. தென்னைகள் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன. வலை இழுத்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேர் வந்து ஆட்டோவைத் தூக்கி மேட்டில் வைத்தார்கள். "இந்தியாவா? அங்க கடல் எப்பிடி, ஒழுங்கா இரிக்கா?" என்று விசாரித்தார்கள். இருக்கிறது என்றேன்.

அவர்கள் ஆட்டோவைத் தூக்கிக்கொண்டிருந்த இடைவெளியில்தான் சஹ்லா பேசினாள். "இந்தப் படத்த நான் விடமாட்டன் டீச்சர். என்ட குரல் எண்டு ஒண்டு இரிக்கெண்டு எங்கட ஊருக்கு வெளிய ஒருத்தருக்கும் தெரியா. இது போனா மறுகா ஒண்டு வராது. ஆனா அந்த வசனத்தச் சொல்ல எனக்கு ஏலா."

"வெறும் படம்தானே சஹ்லா."

"வாப்பாவோட எனக்குக் கோபம் இல்லையெண்டா நினைக்கிறீங்க? நிறைய இரிக்கி. தாத்தாக்கு ஒரு வீடு, எனக்கொரு வீடு எண்டு பத்தொன்பது வருசம் அங்க நிண்டார்." தாத்தா என்றது அவளுடைய அக்காவை. "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவார். அவர் வந்தா நான் உம்மாக்குப் பின்னால ஒளிப்பன். விமானத்தால இறங்கி வாற மாமா எண்டுதான் சின்னதில நினைச்ச. எழுதினவங்க அத எழுதியிரிந்தா நான் அழுது கதைச்சிருப்பன். அடைச்சு வெச்சார் எண்டு எழுதிரிக்காங்க. அவர் எங்க இரிந்தார் அடைக்கிறதுக்கு?"

மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன். மீனவர்கள் ஆட்டோவுக்காக அழுகிறேன் என்று நினைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று ஆறுதல் சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் மேடத்தைக் கூப்பிட்டேன். வீட்டுக் கதை, திறப்புக் கதை எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப சுவாரசியம் என்றார். ஆனால் அந்த வசனம்தான் படத்தின் இதயம், உலகம் முழுக்கப் பெண்கள் தங்களை அதில் காண்பார்கள், ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பெண் தயங்கினால் அழுத்த வேண்டாம். அவளுடைய உச்சரிப்பை நீங்கள் கற்றுக்கொண்டு வாருங்கள், சென்னையில் யாரையாவது பேசவைத்துவிடலாம்" என்றார். நேர்மைக்கு இரண்டு நாள்கூட ஆயுள் இல்லை.

மூன்றாம் நாள் வாப்பா தன் வயலில் அறுவடை பார்க்கச் சவளக்கடை என்ற ஊர்ப் பக்கம் போனார். எங்களையும் வரச் சொன்னார். பாதையில் பாதியை நெல் பிடித்திருந்தது. தார் ரோட்டில் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். பஸ் வந்தால் பஸ்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கின பஸ் ஒன்று வாய்க்காலுக்குள் ஒரு காலை விட்டுக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி, நெல்லை மிதிக்காமல் விரல் நுனியில் நடந்து போனார்கள். சென்னையில் என்றால் அதற்குள் நெல்லின்மேல் ஒரு ஊர்வலமே போயிருக்கும்.

வயற்கரை மரத்தடியில் சோறு. கத்தரிக்காய்ப் பால்கறி, ஆற்று மீன், கடைசியில் சட்டியோடு எருமைத் தயிர். சாப்பிடும்போதே சஹ்லா தாளை எடுத்தாள். "வாப்பா, நான் இதத்தான் சொல்லணுமாம்" என்று அந்த வசனத்தைத் தட்டையாக, செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தாள்.

வாப்பா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "சொல்லுங்க மகள். படம்தானே."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த மனிசன் என்ன தொழில் செய்யிற டீச்சர்?"

யோசித்துப் பார்த்தேன். நூராவின் தகப்பனுக்குத் தாடி இருந்தது, கோபம் இருந்தது, தொழில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "சொல்லவில்லை" என்றேன்.

"தொழில் இல்லாதவன் வீட்ட எப்பிடிக் கட்டின?" என்றார். அந்தப் படத்தைப் பற்றி இன்றுவரை நான் கேட்ட விமர்சனங்களில் இதுதான் சரியான அடி. அவர் தயிர்ச் சட்டியைத் தொடவில்லை. கை கழுவிக்கொண்டு, மூட்டைகளைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். சஹ்லா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் பதிவு. கல்முனையில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஒலிப்பதிவுக்கூடம். தேர்தல் விளம்பரமும் கலியாணப் பாட்டும் பதிகிற இடம், சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டியிருந்தார்கள். டேக் போகும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வியர்வை காதுக் கருவிக்குள் இறங்கும். முதல் டேக்கில் ஒரு பள்ளிவாசல் பாங்கு. அது முடிய அடுத்த பள்ளிவாசல். அதுவும் முடிய, கோயில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. அதுவும் ஓய்ந்தபோது மீன் வண்டியின் ஹார்ன். மும்பையிலிருந்து காணொளியில் உட்கார்ந்திருந்த மேடம் இதையெல்லாம் கேட்டுச் சிலிர்த்து, எவ்வளவு பல்வகைமை என்றார். ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

சஹ்லாவை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்ட வாப்பா, போகாமல் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கழுவிய சட்டை, நகக்கண்ணில் மட்டும் சிமெண்ட்.

மாலைக்குள் எல்லாம் முடிந்து அந்த ஒரு வசனம் மிஞ்சியது. இடைவேளையில் சஹ்லா கண்ணாடிக் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதிவைத்திருந்தாள். "இப்பிடிச் சொல்லலாமா? ஏலாதெண்டா நான் வீட்ட போறன் டீச்சர். கோபமில்ல" என்றாள்.

படித்தேன். பிறகு என் வேலையைச் செய்தேன். காட்சியை ஓட்டி வாயசைவை எண்ணினேன். முதல் பாதியில் நூராவின் முகம் நெருக்கத்தில் இருக்கிறது, சஹ்லாவின் 'ப' அவள் உதடு மூடும் இடத்திலேயே விழுகிறது. பின்பாதியில் அவள் சுவரை நோக்கித் திரும்பிவிடுகிறாள். நடிகை முதுகைக் காட்டினால் எங்கள் தொழிலில் அது திருவிழா, எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம். இன்னொன்றும் உண்டு. வசனத்தாளில் தமிழுக்கு எதிரே அதன் ஆங்கில அர்த்தத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் நான்தான். தமிழ் தெரியாத மேடத்துக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. உச்சரிப்பைக் கற்றுக்கொண்டு வா என்று சொன்னவர்களுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று கோபம் பொங்கியது. சஹ்லாவின் வரியைத் தமிழ்க் கட்டத்தில் எழுதினேன். எதிரே, பழைய ஆங்கில வசனத்தை ஒரு எழுத்து மாறாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் மோசடி அது.

விசிறி நின்றது. சஹ்லா பேசினாள்.

"என்ட வாப்பா எனக்கெண்டு செவரு கட்டினார். திறப்ப என்ட கையில தந்தார். கட்டி முடியுமட்டும் அவரைத்தான் நான் காணல்ல."

ஒரே டேக். கடைசி வார்த்தையில் குரல் உடைந்து, உடைந்தபடியே நின்றது. நான் வாப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

மேடம்தான் முதலில் பேசினார், ஆங்கிலத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இவ்வளவு வலியை எந்த மொழியிலும் கேட்டதில்லை என்றார். "அடைத்து வைத்தான் என்று அவள் சொல்லும்போது, அந்தத் தகப்பன் என் கையில் கிடைத்தால் என்று இருந்தது" என்றார்.

"என்ன சொல்றா?" என்றார் வாப்பா.

"நன்றாக இருக்கிறது என்கிறார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சஹ்லாவுக்கு ஆங்கிலமும் கேட்டது, நான் சொன்னதும் கேட்டது. அவள் காதுக் கருவியைக் கழற்றவில்லை.

"அந்தக் கடைசித் துண்ட இன்னொருக்காப் போடச் சொல்லுங்க டீச்சர்" என்றார் வாப்பா. ஒலிப்பதிவாளர் போட்டார். 'கட்டி முடியுமட்டும் அவரைத்தான் நான் காணல்ல.' வாப்பா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு கேட்டார். பிறகு பேசுவதற்கான மைக்கின் பொத்தானைத் தானே அழுத்தினார். ஒலிப்பதிவாளர் தடுக்கவில்லை.

"ஓம் மகள்" என்று ஒத்துக்கொண்டார்.

சஹ்லா உள்ளே முகத்தை முட்டைத் தட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மும்பையில் மேடம் பதறினார். யார் அது, நடுவில் பேசியது யார், என்ன சொன்னார், ஏதாவது ஆட்சேபமா என்றார்.

"ஆட்சேபம் ஒன்றும் இல்லை" என்றேன். "இந்த டேக்கையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்."